ரஷ்ய வான்படைக் காட்சிகளுக்குக் குழுவாகச் செல்லும் விமான ஆர்வலர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தக் காட்சிகளைப் பற்றி இங்கே பேசுகிறோம்?

முதன்மையாக மாக்ஸ் காட்சியைப் பற்றி. மாஸ்கோவுக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஜுகோவ்ஸ்கி நகரின் சோதனை விமானத்தளத்தில், ஒற்றைப்படை ஆண்டுகளில் நடந்துவந்த பன்னாட்டு வான்பயண, விண்வெளிக் காட்சி அது. 1992 ஆகஸ்ட்டில் மொஸ் ஏரோஷோ என்ற பெயரில் முதல் முயற்சி நடந்தது. மாக்ஸ் என்ற பெயர் 1993-இல் வந்தது. கடைசிக் காட்சி 2021 ஜூலை 20 முதல் 25 வரை நடந்தது. இதே தளத்தில் 2012 ஆகஸ்ட் 10 முதல் 12 வரை ரஷ்ய வான்படையின் நூற்றாண்டு விழாவும் கொண்டாடப்பட்டது. இவற்றுடன், மாஸ்கோவுக்கு மேற்கே குபிங்காவில் ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகம் 2015 முதல் நடத்திய 'ஆர்மி' கண்காட்சியையும் ஆர்வலர்கள் தங்கள் பயணத் திட்டங்களில் சேர்த்துவந்தார்கள்.

இப்போது செல்ல முடியுமா?

மற்றக் கேள்விகளுக்குப் போகுமுன் இதற்கு விடை சொல்லிவிடுவது நல்லது. 2023-இல் நடக்கவேண்டிய மாக்ஸ் கைவிடப்பட்டது. 2024-இலும் அது நடக்கவில்லை. 'ஆர்மி' கண்காட்சி 2024 ஆகஸ்ட்டில் மூன்று நாள் நிகழ்ச்சியாகச் சுருங்கியது. உக்ரைன் மீதான போர் 2022 பிப்ரவரியில் தொடங்கியதிலிருந்து, மாஸ்கோவைச் சுற்றியுள்ள விமான நிலையங்கள் ட்ரோன் தாக்குதல் அச்சத்தால் பலமுறை முன்னறிவிப்பின்றி மூடப்பட்டுள்ளன. பல பயணக் காப்பீடுகள் போர் தொடர்பான இழப்புகளை ஏற்பதில்லை. இராணுவத் தகவல்களைக் கையாள்வது குறித்த ரஷ்யச் சட்டங்களும் கடுமையாகிவிட்டன. விசா கிடைக்கிறது என்பதாலேயே பயணம் பாதுகாப்பானது என்று கொள்ளக்கூடாது. போர் விமானங்களைப் பார்ப்பதற்கென்றே ஒரு குழுவை இக்காலத்தில் அங்கே அழைத்துச் செல்வது பொறுப்பான செயலாகாது என்பது எம் உறுதியான கருத்து. கீழே உள்ள விடைகள், அந்தப் பயணங்கள் எவ்வாறு நடந்தன, ஏன் அத்தனை பேரை ஈர்த்தன என்பதை அறிய விரும்புவோருக்கும், மீண்டும் ஒரு காலம் வந்தால் எதைக் கவனிக்க வேண்டும் என்று கேட்போருக்கும் உரியவை.

மாக்ஸை இராணுவக் காட்சி என்று சொல்வது சரியா?

முழுவதும் சரியல்ல. மாக்ஸ் அடிப்படையில் ஒரு தொழில்துறைச் சந்தை. பயணிகள் விமானங்கள், எஞ்சின்கள், செயற்கைக்கோள்கள், தீயணைப்பு விமானங்கள் எல்லாம் அங்கே விற்பனைக்கு வைக்கப்பட்டன. ஆனால் பொதுமக்கள் சீட்டு வாங்கிக்கொண்டு வந்தது பெரும்பாலும் போர் விமானங்களுக்காகத்தான். குபிங்காவின் 'ஆர்மி'யோ பாதுகாப்பு அமைச்சகமே முன்னின்று நடத்திய நிகழ்ச்சி. அங்கே டாங்கிகளும் ஏவுகணை வண்டிகளும் முதன்மை இடம் பெற்றன, வானூர்திகள் அவற்றுள் ஒரு பகுதி மட்டுமே. விமானங்களை மட்டும் விரும்புகிறவருக்கு ஜுகோவ்ஸ்கியே உகந்த இடமாக இருந்தது.

ஜுகோவ்ஸ்கிக்கு அப்படி என்ன சிறப்பு? மற்ற நாடுகளிலும் பெரிய விமானக் காட்சிகள் உண்டே?

பாரிஸிலும் இங்கிலாந்தின் பார்ன்பரோவிலும் விமானங்கள் விருந்தாளிகளாக வந்து நிற்கின்றன. ஜுகோவ்ஸ்கியில் அவை தாம் முதன்முதலாகப் பறந்த மண்ணிலேயே நின்றன. 1918-இல் நிக்கொலாய் ஜுகோவ்ஸ்கி தொடங்கிய மைய வான்-நீர் இயக்கவியல் நிறுவனத்தின் காற்றுச் சுரங்கங்களும் (விமான மாதிரிகளைச் செயற்கைக் காற்றோட்டத்தில் சோதிக்கும் கூடங்கள்), 1941-இல் நிறுவப்பட்டுப் பின்னர் விமானி மிகயீல் குரோமோவின் பெயரைத் தாங்கிய பறப்பு ஆய்வு நிறுவனமும் இந்த நகரிலேயே உள்ளன. உலகின் முதல் ஒலிமிஞ்சிய பயணிகள் விமானமான டியூ-144, கான்கார்டுக்கு இரண்டு மாதங்கள் முன்னதாக, 1968 டிசம்பர் 31 அன்று இங்கிருந்துதான் எழுந்தது. சுகோய்-27 போர் விமானத்தின் முன்மாதிரி 1977 மே 20 அன்றும், மிக்-29 போர் விமானம் அதே ஆண்டு அக்டோபர் 6 அன்றும் இதே ஓடுபாதையில் முதல் பறப்பைத் தொடங்கின. சோவியத் புரான் விண்வெளி ஓடத்தைத் தரையிறக்கும் முறையைச் சோதிக்க, ஜெட் எஞ்சின்கள் பொருத்திய மாதிரி ஒன்றை இகோர் வோல்க் முதலிய சோதனை விமானிகள் 1985 முதல் இங்கே ஓட்டிப் பார்த்தனர். அந்த ஓடுபாதையின் நீளம் ஏறத்தாழ 5,400 மீட்டர்.

சோவியத் காலத்தில் வெளிநாட்டவர் எட்டிப் பார்க்கவும் முடியாத ஊர் இது. ஒரு தலைமுறை ஆர்வலர்கள், மேற்கத்திய இதழ்களில் வந்த மங்கலான படங்களையும் ஊகச் சித்திரங்களையும் வைத்தே சோவியத் விமானங்களை அறிந்திருந்தார்கள். 1986 ஜூலையில் குபிங்காவிலிருந்து மிக்-29 விமானங்கள் பின்லாந்துக்குச் சென்று வந்தபோதும், 1988-இல் அவை பார்ன்பரோவில் தோன்றியபோதும், 1989 ஜூனில் பாரிஸில் விக்டர் புகச்சோவ் சுகோய்-27-இன் மூக்கைச் செங்குத்துக்கும் அப்பால் நிமிர்த்தி 'கோப்ரா' செய்து காட்டியபோதும் ஏற்பட்ட வியப்புக்கு அந்த மறைப்பே காரணம். 1992-இல் அந்தக் கதவு திறந்தவுடன் ஆர்வலர்கள் கூட்டமாகப் புறப்பட்டதில் வியப்பில்லை.

தனியாகச் செல்லாமல் ஏன் குழுவாகச் சென்றார்கள்?

சீட்டு வாங்கிக் காட்சியைப் பார்ப்பதற்குக் குழு தேவைப்படவில்லை. மாஸ்கோவுக்கு வந்த எவரும் அதைத் தனியே செய்யலாம். காட்சியைச் சுற்றியிருந்த மற்ற இடங்களுக்காகத்தான் குழு தேவைப்பட்டது. அருங்காட்சியகம், பயிற்சித் தளம், பழுதுபார்க்கும் ஆலை போன்ற இடங்களுக்கு முன்கூட்டியே பெயர்ப் பட்டியலும் கடவுச்சீட்டு விவரமும் அனுப்பி, எழுத்துவழி அனுமதி பெற்றாக வேண்டும். பத்துப் பதினைந்து பேருக்கு ஒரே கடிதம், ஒரே பேருந்து, ரஷ்ய மொழி தெரிந்த ஒரே வழிகாட்டி என்று இருந்தால், அனுமதி தருகிற அலுவலருக்கும் வேலை எளிது. வாயிற்காவலரிடம் விளக்குவதும் எளிது. ரஷ்ய மொழியில் நாலு வார்த்தை கூடத் தெரியாத ஒருவர் கழுத்தில் நீண்ட லென்ஸுடன் இராணுவ வேலியருகே தனியாக நிற்பது எப்போதுமே நல்ல யோசனையாக இருந்ததில்லை.

குழுவுக்கு ஒரு கெடுதியும் உண்டு. ஒருவர் விதியை மீறினால் அனைவருடைய அனுமதியும் போய்விடும். ஆகவே நல்ல அமைப்பாளர்கள், புறப்படுமுன்பே எழுத்தில் விதிகளைக் கொடுத்துக் கையொப்பம் பெற்றுக்கொண்டார்கள்.

வாரத்தின் எந்த நாளில் செல்வது நல்லதாக இருந்தது?

மாக்ஸ் பொதுவாகச் செவ்வாயில் தொடங்கி ஞாயிறன்று முடியும். முதல் மூன்று நாட்கள் வணிகர்களுக்கும் அரசுக் குழுக்களுக்கும். வெள்ளி முதல் பொதுமக்களுக்கு. வணிக நாட்களில் விமானங்களின் அருகே ஆள் நடமாட்டம் குறைவு, தரையில் நிற்கும் விமானங்களைத் தடையின்றிப் படமெடுக்கலாம். ஆனால் நுழைவுச் சீட்டு விலை கூடுதல், நிறுவனச் சார்பும் கேட்பார்கள். வார இறுதியில் வான் சாகச நிகழ்ச்சி நிரல் முழுமையாக இருக்கும், கூட்டமும் அப்படியே. பல குழுக்கள் வெள்ளியையும் சனியையும் தேர்ந்தெடுத்தன. வெள்ளியன்று தரையில் நிற்பவற்றைப் பார்த்து முடித்துவிட்டு, சனியன்று இடத்தைவிட்டு நகராமல் வானத்தை மட்டும் பார்ப்பது நடைமுறையில் பயன் தந்த வழி.

அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தார்கள்?

மாஸ்கோவின் கசான் ரயில் நிலையத்திலிருந்து புறநகர் மின்தொடர்வண்டியில் ஓத்திஹ் நிறுத்தம் வரை சென்று, அங்கிருந்து காட்சிக்கென விடப்பட்ட பேருந்துகளில் ஏறுவது வழக்கம். சொந்தப் பேருந்தில் வந்த குழுக்கள் காலையில் நெடுஞ்சாலை நெரிசலில் மாட்டிக்கொண்டன. போவதைவிடத் திரும்பி வருவதுதான் கடினம்: கடைசி விமானம் தரையிறங்கியதும் பல்லாயிரம் பேர் ஒரே வாயிலை நோக்கி நகர்வார்கள். 2024 அக்டோபர் 6 அன்று சென்னை மெரினாவில் நடந்த வான்படைக் காட்சியில், வெயிலும் கூட்டமும் சேர்ந்து ஐந்து உயிர்களைப் பறித்ததை அறிந்த நமக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. மாஸ்கோவின் கோடை அவ்வளவு சுடாது என்றாலும், நிழலில்லாத கான்கிரீட் வெளியில் எட்டு மணி நேரம் நிற்பதும், நடுவே திடீரென மழை கொட்டுவதும் முதியவர்களைச் சோர்வடையச் செய்யும். கடைசி நிகழ்ச்சிக்கு அரை மணி முன்னரே வெளியேறும் குழுவும், முடிந்தபின் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்து புறப்படும் குழுவும் தப்பித்தன.

வானில் எவற்றைக் காண முடிந்தது?

ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு தலைப்புச் செய்தி இருந்தது. 2011 ஆகஸ்ட் 17 அன்று டி-50 என்ற முன்மாதிரி, அதாவது இன்றைய சுகோய்-57 போர் விமானம், முதன்முறையாகப் பொதுமக்கள் முன் பறந்தது. நான்கு நாட்கள் கழித்து, கடைசி நாளில், இரண்டாவது முன்மாதிரி ஓடுபாதையில் விரைந்துகொண்டிருந்தபோது எஞ்சினிலிருந்து தீப்பிழம்பு வெளிப்பட, விமானி வேகத்தடைப் பாராசூட்டை விரித்து விமானத்தை நிறுத்தினார். பறக்காமற் போனது ஏமாற்றம் என்று சிலர் எழுதினார்கள். புதிய விமானம் ஒன்றின் சோதனைக் காலத்தின் உண்மை முகத்தை நேரில் கண்ட பேறு அது என்றே நாம் கருதுகிறோம். 2015-இல், 2000-ஆம் ஆண்டில் முதல் பறப்பை முடித்தபின் முடங்கிப்போன மிக்-1.44 போர் விமான முன்மாதிரி தரைக் காட்சியில் வைக்கப்பட்டது. பறக்காத அந்த ஒற்றை விமானத்திற்காகவே பயணம் செய்தவர்கள் உண்டு. 2021-இன் முதல் நாளில் ஒற்றை எஞ்சின் கொண்ட 'செக்மேட்' போர் விமான மாதிரி திரை விலக்கிக் காட்டப்பட்டது.

சாகசக் குழுக்கள் தனி. 1991-இல் தொடங்கிய 'ரஷ்ய வித்யாசி' குழு, சுகோய்-27 போன்ற கனமான போர் விமானத்தை நெருக்கமான அணிவகுப்பில் ஓட்டிக் காட்டியது. அதே ஆண்டில் தொடங்கிய 'ஸ்திரிஷி' குழு மிக்-29-இல் பறக்கிறது. இரண்டும் குபிங்காவைத் தளமாகக் கொண்டவை. ஐந்து சுகோய்களும் நான்கு மிக்குகளுமாக ஒன்பது விமானங்கள் சேர்ந்து அமைக்கும் 'குபிங்கா வைரம்' தலைக்கு மேலே செல்லும்போது, ஒலி காதில் கேட்பதற்கு முன் நெஞ்சில் அதிரும் என்று பார்த்தவர்கள் சொல்வது மிகையன்று. வெளிநாட்டுக் குழுக்களும் வந்தன: 2012 நூற்றாண்டு விழாவில் பிரிட்டனின் ரெட் ஆரோஸ் பறந்தது, இத்தாலியின் பிரெச்சே திரிகொலோரி பறந்தது. அவை இன்று அங்கே வருவதை நினைத்துப் பார்க்கவும் முடியாது. 2021-இல் இந்திய வான்படையின் 'சாரங்' ஹெலிகாப்டர் குழு, கோயம்புத்தூரை அடுத்த சூலூரைத் தளமாகக் கொண்டது, துருவ் ஹெலிகாப்டர்களுடன் ரஷ்யாவில் முதன்முறையாகச் சாகசம் செய்தது.

விபத்து அபாயம் எவ்வளவு?

பார்வையாளருக்குக் குறைவு, விமானிகளுக்கு அப்படியல்ல. 1995 டிசம்பர் 12 அன்று, மலேசியக் காட்சியிலிருந்து திரும்பிய வித்யாசி குழு வியட்நாமின் கம் ரான் அருகே மேகமூட்டத்தில் மலையில் மோதி, மூன்று விமானங்களையும் நான்கு விமானிகளையும் இழந்தது. 2009-இல் மாக்ஸ் தொடங்க இரண்டு நாட்களே இருந்த ஆகஸ்ட் 16 அன்று, ஒத்திகையில் அக்குழுவின் இரண்டு சுகோய்-27 விமானங்கள் மோதிக்கொண்டன. குழுத் தலைவர் இகோர் த்கச்சென்கோ உயிரிழந்தார். அந்த ஆண்டுக் காட்சி திட்டமிட்டபடி நடந்தது. ஒத்திகை நாளில் வேலிக்கு வெளியே, பறப்புப் பாதையின் கீழே நின்று படமெடுக்கும் ஆசையைக் கைவிடவேண்டும் என்று அமைப்பாளர்கள் வற்புறுத்தியதற்கு இதுவும் ஒரு காரணம்.

படமெடுப்பதில் என்ன கட்டுப்பாடு? காட்சிக்கே அழைத்துவிட்டுப் படமெடுக்கக் கூடாது என்பார்களா?

காட்சி வளாகத்துக்குள் தாராளமாகப் படமெடுக்கலாம். சிக்கல் எல்லாம் வாயிலுக்கு வெளியே தொடங்குகிறது. ரயில் சன்னலிலிருந்தோ விடுதி மொட்டைமாடியிலிருந்தோ இராணுவக் கட்டடம், ராடார், காவல் நிலை ஆகியவற்றைப் படமெடுப்பது குற்றமாகக் கொள்ளப்படலாம்.

இது ரஷ்யாவுக்கு மட்டும் உரிய கெடுபிடி என்று நினைப்பவர்கள் கிரேக்கத்தின் கலமாத்தா வழக்கை நினைவில் கொள்ளவேண்டும். 2001 நவம்பரில் அங்கேயுள்ள வான்படைத் தளத்தின் திறந்த நாளுக்குச் சென்ற பன்னிரண்டு பிரிட்டானியரும் இரண்டு டச்சுக்காரர்களும் உளவுக் குற்றச்சாட்டில் கைது செய்யப்பட்டு வாரக்கணக்கில் சிறையில் இருந்தார்கள். அவர்கள் குறிப்பேட்டில் இருந்த விமான எண்களின் பட்டியலே அவர்களுக்கு எதிரான சான்றாகியது. எண்களைச் சேகரிப்பது ஒரு பொழுதுபோக்கு என்பதை நீதிமன்றத்துக்கு விளக்குவதே பெரும்பாடாயிற்று. 2002 ஏப்ரலில் தண்டனை விதிக்கப்பட்டு, நவம்பரில் மேல்முறையீட்டில் அனைவரும் விடுவிக்கப்பட்டார்கள். கிரேக்கமும் பிரிட்டனும் நெதர்லாந்தும் ஒரே நேட்டோ கூட்டணியில் இருப்பவை. நட்பு நாட்டிலேயே இப்படியானால், நட்பற்ற சூழலில் நிலைமை எப்படி இருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். நம் நாட்டிலும் 2010-இல் டெல்லி விமான நிலையத்தை விடுதி அறையிலிருந்து கவனித்த இரண்டு பிரிட்டானிய ஆர்வலர்கள் காவலில் வைக்கப்பட்டார்கள்.

விமான எண்களைக் குறித்துக்கொள்ளலாமா?

ரஷ்யப் போர் விமானங்களின் மூக்கருகே சிவப்பு, நீலம், மஞ்சள் என ஏதேனும் ஒரு நிறத்தில் தீட்டப்பட்ட எண் இருக்கும். ஆர்வலர்கள் அதையும், உடலில் உள்ள பதிவு எண்ணையும் சேர்த்துக் குறித்து, எந்தப் படைப்பிரிவைச் சேர்ந்த விமானம் என்று பின்னர் ஆராய்வார்கள். காட்சித் திடலில் அமைதிக்காலத்தில் இதை யாரும் பொருட்படுத்தவில்லை. ஆயினும் அங்கே நின்று கையால் எழுதாமல், படம் எடுத்துவிட்டு வீடு திரும்பியபின் எழுதுவதே மேல். விமானிகளின் பேச்சைக் கேட்கும் வானொலிக் கருவி, ட்ரோன், செயற்கைக்கோள் தொலைபேசி ஆகிய மூன்றையும் வீட்டிலேயே விட்டுவிட வேண்டும். இதில் விதிவிலக்கு கோருகிற உறுப்பினரைக் குழுவில் சேர்க்காமல் இருப்பதே நல்லது.

எந்த லென்ஸ் வேண்டும்?

100 முதல் 400 மில்லிமீட்டர் வரை நீளும் ஒன்று போதும். நண்பகலுக்குப் பின் கான்கிரீட்டிலிருந்து எழும் வெப்ப அலை ஓடுபாதையில் நிற்கும் விமானத்தை நெளியச் செய்துவிடும். அப்போது எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸும் உதவாது. தரைப் படங்களைக் காலையிலேயே முடித்துக்கொள்வது நல்லது. ஈரப்பதம் மிகுந்த நாளில் இறக்கையின் மேல் வெண்ணிற ஆவி படரும் படங்கள் கிடைக்கும் என்பதால், மேகமூட்டமான நாளைக் குறைசொல்ல வேண்டாம்.

காட்சி தவிர வேறு எங்கே சென்றார்கள்?

மோனினோ. மாஸ்கோவுக்குக் கிழக்கே, யாரோஸ்லாவ் ரயில் நிலையத்திலிருந்து செல்லும் புறநகர்த் தடத்தின் முடிவில் உள்ள வான்படை மைய அருங்காட்சியகம் அது. மாக்ஸையும் மோனினோவையும் சேர்த்துப் பார்க்காத பயணம் பாதிப் பயணம் என்று சொல்லத் துணிவோம். ஒலியைப்போல் மூன்று மடங்கு வேகத்தை இலக்காகக் கொண்டு கட்டிய சுகோய் டி-4 குண்டுவீச்சு விமானங்களில் எஞ்சியது அங்கேதான் இருக்கிறது. இதுவரை கட்டப்பட்ட ஹெலிகாப்டர்களில் மிகப் பெரியதான மில் வி-12, பார்த்தினி வடிவமைத்த வினோத நீர்-நில வானூர்தியான வி.வி.ஏ-14, ஒரு டியூ-144 ஆகியனவும் அங்கே உள்ளன. பெரும்பாலானவை திறந்தவெளியில் பனியையும் மழையையும் தாங்கி நிற்பதால் வண்ணம் உதிர்ந்தும் டயர் தட்டையாகியும் காணப்படுவது வருத்தம் தரும். ஆயினும் மாக்ஸில் விற்பனையாளர் பேசுவதைக் கேட்டுவிட்டு இங்கே வந்தால், கைவிடப்பட்ட திட்டங்கள் எத்தனை என்பது கண்முன் தெரியும்.

குபிங்காவுக்கு பெலாருஸ் ரயில் நிலையத்திலிருந்து செல்லலாம். அங்கேயுள்ள டாங்கி அருங்காட்சியகத்தில், எஞ்சியிருக்கும் ஒரே ஜெர்மன் 'மௌஸ்' டாங்கி உள்ளது. விமானம் மட்டுமே பிடிக்கும் என்று வந்தவர்களும் அதன் முன் நின்று படமெடுத்துக்கொள்வார்கள்.

விசா, பணம் பற்றி?

2023 ஆகஸ்ட் 1 அன்று இந்தியர்கள் உட்பட 55 நாட்டினருக்கு ரஷ்யா மின்விசா வழங்கத் தொடங்கியது. தங்கும் நாட்களும் செல்லுபடிக் காலமும் பின்னர் மாற்றப்பட்டுள்ளதால் விண்ணப்பிக்கும் வேளையில் உள்ள விதியையே பார்க்கவேண்டும். சுற்றுலா விசாவில் வந்தவர் வணிக நாட்களில் நிறுவனப் பிரதிநிதி என்று சொல்லிக்கொண்டு நுழைவது சிறு பொய்யாகத் தோன்றலாம். விசாரணை என்று வந்தால் அது பெரிதாகிவிடும். வெளிநாட்டு வங்கிகள் வழங்கிய 'விசா', 'மாஸ்டர்கார்டு' பண அட்டைகள் 2022 மார்ச் முதல் ரஷ்யாவில் செல்லாது என்பதால், செலவுக்கு உரிய தொகையை ரொக்கமாகவே கொண்டுசெல்ல வேண்டியிருக்கும். எல்லையில் தரப்படும் குடிவரவு அட்டையைக் கடவுச்சீட்டோடு சேர்த்துப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

சைவ உணவு கிடைக்குமா?

திடலில் கம்பியில் சுட்ட இறைச்சியே எங்கும் மணக்கும். ரொட்டி, பழம், தயிர் ஆகியவற்றை முதல்நாள் மாலையே கடையில் வாங்கி வைத்துக்கொள்வது மேல்.

ரஷ்யாவுக்குப் போகாமலே இந்த விமானங்களைப் பார்க்க வழி உண்டா?

உண்டு, நமக்கு அருகிலேயே உண்டு. 2025 பிப்ரவரி 10 முதல் 14 வரை பெங்களூரின் எலகங்கா தளத்தில் நடந்த ஏரோ இந்தியா காட்சிக்கு சுகோய்-57 வந்தது. அமெரிக்காவின் எப்-35 போர் விமானமும் வந்தது. சென்னையிலிருந்து ஓர் இரவுப் பயணத்தில் சென்று பார்த்துத் திரும்பியவர்கள் பலர். ஒற்றைப்படை ஆண்டுகளில் நடைபெறும் அந்தக் காட்சியில் இந்திய வான்படையின் சூர்யகிரண், சாரங் குழுக்களும் பறக்கின்றன. 1997-இல் ஜுகோவ்ஸ்கியில் முன்மாதிரியாக முதலில் பறந்த சுகோய்-30 எம்.கே.ஐ விமானங்களின் ஓர் அணி, 'டைகர்ஷார்க்ஸ்' எனப்படும் 222-ஆம் படைப்பிரிவு, 2020 ஜனவரி முதல் தஞ்சாவூரில் இருக்கிறது. அது காட்சித்தளம் அன்று, பணியிலுள்ள போர்த்தளம். படமெடுப்பது பற்றி மேலே சொன்ன கட்டுப்பாடுகள் அனைத்தும் தஞ்சாவூர் வேலிக்கும் பொருந்தும்.